எலி தூண்டிய திரி

சோழ நாட்டில் தேருக்குத் திருவாரூர் என்றால் விளக்குக்கு வேதாரண்யம். விளக்கோடு சேர்த்து அவ்வூருக்குச் சொல்லப்படும் கதையின் நாயகன் ஓர் எலி. திருமறைக்காடு என்பது வேதாரண்யத்தின் பழைய பெயர். அங்குள்ள கோயிலில் அணையப்போன விளக்கின் நெய்யைக் குடிக்க வந்த அதன் மூக்கைச் சுடர் சுட்டது. எலி பதறியதில் திரி தூண்டப்பட்டு விளக்கு நிமிர்ந்து எரிந்தது. அந்தப் புண்ணியத்தால் எலி மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாயிற்று. 7-ஆம் நூற்றாண்டு அப்பர் தேவாரத்திலேயே இந்தக் கதைக்குக் குறிப்பு உண்டு. எலிக்குப் பக்தி இருந்ததாக யாரும் சொல்லவில்லை. திரி தூண்டப்பட்டது, அவ்வளவுதான்.

எண்ணெய் வற்றும், திரி கருகும். விளக்கை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சோழர்கள் இதற்கு ஆடுகளைக் கொண்டு வழி செய்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி அணையாமல் எரிய வேண்டிய ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டிகள் பிறந்து மந்தையின் எண்ணிக்கை குறையாதிருக்கும் என்ற கணக்கில் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள்.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கும் தொழில் இன்றும் நடக்கிறது. அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்சுப் பதித்து, அடி, தண்டு, அகல், உச்சியில் அன்னம் எனத் தனித்தனியே வார்க்கிறார்கள். பிறகு கடைந்து, அராவி, மெருகேற்றி, மரையில் திருகிச் சேர்க்கிறார்கள். அடிக்குப் பிரமன், தண்டுக்குத் திருமால், அகலுக்குச் சிவன் என்று விளக்கம் சொல்வதுண்டு. பட்டறைக் கணக்கு வேறு. அடி அகன்றிருப்பது விளக்கு சாயாமல் நிற்க. அகல் குழிந்திருப்பது எண்ணெய் தங்க. மரை வைத்ததால் வீட்டில் கழற்றிப் புளி போட்டுத் தேய்க்கவும் வசதி. தத்துவம் பின்னால் வந்து உட்கார்ந்தது என்றே தோன்றுகிறது.

தூண்டும் கைக்கே உருவம் கொடுத்தது பாவை விளக்கு: இரு கைகளிலும் அகல் ஏந்தி நிற்கும் பெண். திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் உள்ளது இவ்வகையில் பெயர்பெற்றது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்து அம்முனு பாய், விரும்பியவரை மணந்தால் லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலித்தது. 1853-இல் லட்சம் விளக்குகளோடு தம் உருவத்தையே ஒரு விளக்காக வார்ப்பித்து வைத்தார். செய்தி பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அகலுக்கு எண்ணெய் ஊற்ற மட்டும் வேறு ஆள் வர வேண்டும்.