தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்ட்ரே விமான நிலையத்தில் மாலை ஐந்து மணிக்குமேல் ஒரு குட்டி விமானம் கிளம்பியது. ஓட்டியவர் பாடகர் ஜான் டென்வர். 2,700 மணி நேரத்துக்குமேல் பறந்த அனுபவசாலி. ஆனால் இந்த விமானம் அவருக்குப் புதிது. ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு மேலேறும் பயிற்சியை மூன்று முறை செய்தார். அடுத்த சில நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்தது; அவர் இறந்துபோனார்.

அது லாங்-ஈஸி ரகம். விமான வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டனின் வரைபடத்தை வாங்கி, நுரைப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்வது. வலப்புறம், இடப்புறம் என இரண்டு டேங்குகள். எதிலிருந்து எரிபொருள் எடுப்பது என்று மாற்ற ஒரு வால்வு. ரூட்டனின் வரைபடப்படி அதன் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். இதைக் கட்டியவரோ, விமானி அறைக்குள் எரிபொருள் குழாயே வரக்கூடாது என்று வால்வைப் பின்னால் கொண்டுபோய், கைப்பிடியை இடது தோளுக்குப் பின்னே வைத்தார். தீ விபத்துக்கு அஞ்சி, நல்லெண்ணத்தோடு செய்த மாற்றம்தான். அந்த நல்லெண்ணம்தான் என்னை உறுத்துகிறது.

தரையில் அதே ரக விமானத்தில் உட்கார்ந்து விசாரணையாளர்கள் சோதித்தார்கள். கைப்பிடியை எட்ட, வலது கை கட்டுப்பாட்டுக் கம்பியை விட வேண்டும். உடம்பை இடப்பக்கம் முறுக்க வேண்டும். முறுக்கும்போது வலது கால் பிடிமானம் தேடி, தன்னையறியாமல் வலது ரட்டர் பெடலை மிதிக்கிறது. மிதித்தால் விமானம் வலப்பக்கம் சாய்ந்து விழும். சில நூறு அடி உயரத்தில் அதை மீட்க நேரம் ஏது? போதாக்குறைக்கு, கிளம்புமுன் எரிபொருள் நிரப்பவில்லை. டேங்கில் உள்ள எரிபொருளின் அளவைக் காட்டும் மானியில் அளவுக்கோடுகளும் இல்லை. அதுவும் முதுகுக்குப் பின்னால்தான்.

தொழிற்சாலை விமானங்களில் ஒரே ரகம் என்றால் உள்ளமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. வீட்டில் கட்டியவை அப்படியல்ல. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொன்றும் தனி விமானம். கட்டியவருக்கு அதன் மூலைமுடுக்கெல்லாம் அத்துப்படி, வாங்கியவருக்கு? 2011இல் அமெரிக்காவில் சிறு விமானங்களில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் இவ்வகை. உயிர்ப்பலி விபத்துகளிலோ இவற்றின் பங்கு 21 சதவீதம். விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்குமேல் கைமாறியவை என்கிறது அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் 2012 ஆய்வு.

பறக்க அனுமதி தருமுன், எரிபொருள் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதித்தே தீர வேண்டும் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது. மேலேறும்போது இருப்பதுபோல மூக்கைத் தூக்கி வைத்து, என்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, நிமிடத்துக்கு எவ்வளவு எரிபொருள் வருகிறது என்று அளந்து பார்ப்பார்கள். தரையிலேயே முடிகிற வேலை.