பணம் கட்டும் முன் கல்லூரியைப் பாருங்கள்!

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். புடவை எடுக்கப் போகிறவர் முந்தானையை விரித்துப் பார்க்கிறார். ஆனால், பெற்ற பிள்ளையை மூன்று, நான்கு ஆண்டுகள் ஒப்படைக்கப் போகும் கல்லூரியை மட்டும் பலர் பார்ப்பதே இல்லை!

"பக்கத்து வீட்டுப் பையன் அங்கேதான் படிக்கிறான்" என்பார்கள். உடனே பணத்தைக் கட்டிவிடுவார்கள்.

நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் அல்லவா? ஒரு நாள் செலவழித்து நேரில் பார்த்தால் என்ன?

பக்கத்திலேயே இருக்கிறது

அஞ்சுகிராமத்துக்காரர்கள் கல்லூரியைத் தேடி வெகு தூரம் போகவேண்டியது இல்லை.

பக்கத்து ஊரான மயிலாடியில் 1809-ம் ஆண்டில் ரிங்கல்தௌபே பாதிரியார் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அது பின்னர் நாகர்கோவிலுக்கு மாறியது. 1893-ல் கல்லூரியாக உயர்ந்தது. அதுதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி!

நாகர்கோவில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-ல் ஏற்பட்டது. அகஸ்தீஸ்வரம் விவேகானந்தா கல்லூரியும், நாகர்கோவில் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரியும் 1965-ல் தோன்றின. அஞ்சுகிராமத்தைச் சுற்றியே என்ஜினீயரிங் கல்லூரிகளும் இருக்கின்றன.

2022-ல் தமிழக அரசு "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி, அரசுப் பள்ளிகளில் பிளஸ் 2 படித்த மாணவ-மாணவிகள் கல்லூரிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பள்ளிக்கூடமே செய்த வேலையைப் பெற்றோரும் செய்யலாம்.

எப்போது போவது?

வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். விடுமுறை நாளில் கட்டிடத்தைத்தான் பார்க்கலாம். முன்கூட்டியே அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் காரில் போகாதீர்கள். பிள்ளை தினமும் போகவேண்டிய பஸ்சிலேயே போங்கள். மாலை வகுப்பு முடிந்ததும் அதே பஸ்சில் திரும்புங்கள். வீடு வந்து சேர எத்தனை மணி ஆகிறது என்று தெரிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம்.

எதைப் பார்ப்பது?

வாசலையும் தோட்டத்தையும் பார்த்து மயங்காதீர்கள். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் வேலை செய்கிறார்களா? கருவிகளில் தூசி படிந்து கிடக்கிறதா? நூலகத்தில் உட்கார்ந்து படிக்க இடம் உண்டா? குடிதண்ணீர், கழிப்பிடம் எப்படி? இவற்றைப் பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். "வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா? சந்தேகம் கேட்டால் ஆசிரியர் சொல்லித்தருகிறாரா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில், அச்சடித்த விளம்பரத்தில் இருக்காது!

அலுவலகத்தில் என்ன கேட்பது?

1. நாங்கள் கேட்கும் பாடப்பிரிவு எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது? (இந்த மாவட்டத்துக் கலை-அறிவியல் கல்லூரிகளுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். என்ஜினீயரிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகம்).

2. ஓர் ஆண்டுக்கு மொத்தச் செலவு என்ன? பரீட்சைக் கட்டணம், பஸ் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

3. கட்டும் பணம் முழுவதற்கும் ரசீது உண்டா? நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதை 1992-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் தடை செய்கிறது.

4. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பித் தருவீர்களா? கல்லூரிகள் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது.

5. வீட்டின் முதல் பட்டதாரிக்கும், அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் என்ன சலுகை? விண்ணப்பிக்க யார் உதவுவார்?

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதப் படிக்க இப்போதுதான் கற்றவரா? கூச்சம் வேண்டாம். பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

பிள்ளை பேசட்டும்

கேள்வி எல்லாவற்றையும் அப்பாவே கேட்டுவிடக் கூடாது. படிக்கப் போவது பிள்ளை. அதற்கு அந்தப் பாடம் பிடிக்கிறதா, அந்த இடம் பிடிக்கிறதா என்று கேளுங்கள்.

குறைந்தது இரண்டு கல்லூரிகளையாவது பாருங்கள். இரவில் எல்லோரும் உட்கார்ந்து நோட்டைப் படியுங்கள். அம்மாவும் சேர்ந்து யோசிக்கட்டும். அதன் பிறகு பணம் கட்டுங்கள்.

பஸ் கட்டணம்தான் செலவு. மூன்று ஆண்டுப் படிப்பும், குடும்பத்தின் சேமிப்பும் வீணாகாமல் தப்பும்!