தெளிந்த வானத்தின் மின்சாரம்

இடி இடித்து மின்னல் வெட்டும்போதுதான் ஆகாயத்தில் மின்சாரம் இருப்பதாக ஜனங்கள் எண்ணுகின்றனர். ஒரு மேகமுமில்லாத நடுப்பகலிலும் நம்மைச் சூழ்ந்த காற்றில் மின்சக்தி இடையறாது நிலவுகின்றது. பிரான்ஸ் தேசத்து லெமோனியே 1752-ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டறிந்து கூறினார். நல்ல வானிலையில், வெட்டவெளியில், தரைக்கும் அதற்கு ஒரு மீட்டர் மேலேயுள்ள காற்றுக்கும் இடையே சுமார் 100 வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உண்டு. அங்ஙனமாயின், அங்கே நிற்பவனை அது தாக்காதிருப்பதேன்? காற்று மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்துகிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் வந்திறங்கும் மின்னோட்டம், ஓர் ஆம்பியரை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் இரண்டு பங்களவே. மனித உடலோ தரையோடு இணைந்து நிற்பதால், தலைக்கும் காலுக்கும் வேறுபாடு தோன்றுவதில்லை.

இவ்வளவு நுண்ணிய விஷயத்தை அளப்பது எங்ஙனம்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கெல்வின் பிரபு எளிய உபாயமொன்று கண்டார். தரையோடு தொடர்பின்றி வைத்த தொட்டியிலிருந்து நீரைத் துளித்துளியாக விழச் செய்தார். ஒவ்வொரு துளியும் சிறிது மின்னேற்றத்தைக் கொண்டுசெல்ல, தொட்டியின் மின்னழுத்தம் சுற்றியுள்ள காற்றின் மின்னழுத்தத்திற்குச் சமமாகிவிடும். இந்நாளில், சுழலும் தகடொன்று மற்றொரு தகட்டை மாறி மாறி மூடியும் திறந்தும் காட்டும் கருவி பெரிதும் வழக்கிலிருக்கிறது. கருவி எதுவாயினும், அருகில் மரமோ கம்பமோ கட்டடமோ இருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். பனித்துளி படிந்தாலும், சிலந்தி வலை பின்னினாலும் அதே கதிதான்!

தரையருகே இவ்வளவை மாற்றுபவை பல. மண்ணிலிருந்து வெளிப்படும் ரேடான் வாயு காற்றணுக்களை உடைத்து, அயனிகளென்னும் மின்துகள்களை உண்டாக்குகிறது. அவை மிகுந்தால் காற்று நன்றாகக் கடத்தும். மின்னழுத்த வேறுபாடு குறையும். புகையும் மூடுபனியும் இதற்கு எதிரிடையானவை. அயனிகள் புகைத்துகள்களில் ஒட்டி வேகமிழக்க, காற்றின் கடத்துந்திறன் குன்றி, மின்னழுத்த வேறுபாடு ஏறுகிறது. எனவே இக்கருவி காற்றின் தூய்மைக்கும் ஓர் உரைகல்லாகும். 2011 மார்ச்சில் ஜப்பானில் புகுஷிமா அணு உலை சிதைந்தபோது, 150 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ககியோகா ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு ஏறக்குறைய பத்திலொரு பங்காக வீழ்ந்தது. கதிரியக்கத் தூசி வந்ததைத் தரையருகே வைத்த கருவி உடனே காட்டிக்கொடுத்தது.

ஆனால் உள்ளூர்ச் செய்தி மட்டுமே இதில் இருப்பதன்று. அமெரிக்கர் 1909-இல் இரும்பை இயன்றவரை விலக்கிக் கட்டிய 'கார்னகி' என்னும் கப்பல், புகையும் ரேடானும் குறைந்த நடுக்கடல்களில் அளவெடுத்தது. எந்தக் கடலாயினும், ஒரே கணத்தில் மின்னழுத்தம் உச்சமடைவதை அது கண்டது. நம் கடிகாரப்படி அது நள்ளிரவு 12.30 மணியளவு, அமெரிக்கக் கண்டங்களில் பிற்பகல் இடிமழை பொழியும் வேளை. உலகெங்குமுள்ள இடிமழைகளே பூமியைச் சூழ்ந்த இம்மின்சுற்றை இயக்குகின்றன என்று வில்சன் என்னும் ஸ்காட்லாந்து விஞ்ஞானி கூறியதற்கு இது வலிய சான்றாயிற்று. அக்கப்பலோ 1929-இல் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தில் வெடித்துத் தீக்கிரையாயிற்று. அதன் தலைவர் ஆல்ட்டும் மாண்டார்.

கப்பல் அழிந்தது, அது விட்டுச்சென்ற கணக்குகள் அழியவில்லை. வட அட்லாண்டிக் கடற்காற்றின் கடத்துந்திறன் 'கார்னகி' காலத்தை நோக்கக் குறைந்தது 20 சதவிகிதம் வீழ்ந்துவிட்டதென்று 1970-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. நிலத்தின் மாசு கடலிலும் பரவிவிட்டது! வங்காள விரிகுடாவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் எடுத்து 1995-இல் வெளியிட்ட அளவுகளும் அத்தகைய செய்தியையே கூறின. பழைய கணக்கு இல்லாதிருந்தால் இவ்விழப்பை எவர் அறிவார்?

நம் தமிழகத்திலும் இப்பணி நடந்ததுண்டு. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தார் காற்றில் இறங்கும் மின்னோட்டத்தை அளந்து, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டனர். இத்தகைய பணியில் உடனடி லாபம் ஒன்றுமில்லை. ஆதலால் சிக்கன காலத்தில் முதலில் கைவைக்கப்படுவதும் இதுவே. அது பெரும் தவறென்பது நமது அபிப்பிராயம். இன்றைய அளவை நாளை எடுக்கவொண்ணாது. விடுபட்ட ஒரு வருஷத்தை எவ்வளவு திரவியம் கொட்டினாலும் திரும்பப் பெறவியலாது. நாம் சுவாசிக்கும் காற்று கெட்டதா, திருந்தியதா என்று நம் பேரப்பிள்ளைகள் வினவும்போது, விடை கூறத்தக்க கணக்கை வைத்துச் செல்வது சர்க்காருக்கும் சர்வகலாசாலைகளுக்கும் உரிய கடமையாகும்.