கேச் பிளக்இன்: எந்தப் பக்கத்தைச் சேமிக்கலாம், எதைத் தொடக் கூடாது

வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு கட்டுரையை யாராவது திறக்கும்போது சர்வரில் நடக்கும் வேலையை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு. பிஎச்பி நிரல் ஓடத் தொடங்குகிறது. நீங்கள் போட்டு வைத்த எல்லா பிளக்இன்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுகிறது. பிறகு தீம். அதன்பின் டேட்டாபேஸிடம் கேள்விகள்: கட்டுரை எங்கே, எழுதியவர் யார், எந்தப் பிரிவு, மெனுவில் என்னென்ன, ஓரத்தில் காட்ட வேண்டிய அண்மைப் பதிவுகள் எவை. பக்கத்துக்குப் பல டஜன் கேள்விகள் சாதாரணம். பதில்களையெல்லாம் கோத்து ஓர் எச்டிஎம்எல் பக்கமாக்கி அனுப்பியதும், செய்த வேலை அத்தனையும் மறந்துபோகும். அடுத்த நொடி அதே கட்டுரையை இன்னொருவர் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

நாளுக்கு ஐம்பது பேர் வரும் தளத்தில் இது பெரிய சங்கதி இல்லை. ஒரு பதிவு ஃபேஸ்புக்கில் சூடுபிடித்து நூறு பேர் ஒரே நேரத்தில் வந்தால்தான் கதை மாறுகிறது. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே சமயத்தில் ஓடக்கூடிய பிஎச்பி வேலைகளுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டியதும் பின்னால் வருபவர்கள் வரிசையில் நிற்க வேண்டும், அல்லது 508 என்ற எண்ணோடு வெள்ளைப் பக்கம்தான் கிடைக்கும். உடனே ஹோஸ்டிங்காரர்கள் பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். பணத்தை எடுக்கும் முன் கேச் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

கேச் பிளக்இன் செய்வது மிக எளிய காரியம். முதல் ஆள் வந்தபோது உருவான பக்கத்தை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அடுத்தவர் வந்தால் அந்தக் கோப்பையே தூக்கிக் கொடுக்கிறது. வேர்ட்பிரஸ் தன் பிளக்இன்களை ஏற்றுவதற்கு முன்பே, டேட்டாபேஸோடு இணைவதற்கும் முன்பே, இப்படி இடையில் புகுந்து பதில் சொல்ல ஒரு தனி வாசல் வைத்திருக்கிறது. கேச் பிளக்இன் தன் கோப்பு ஒன்றை அங்கே நிறுத்திவைக்கும். அந்த வாசலில் ஒரு கோப்புக்குத்தான் இடம். இரண்டு கேச் பிளக்இன்களை ஒரே தளத்தில் போடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். பழையதை நீக்கிவிட்டு, அது விட்டுச்சென்ற கோப்புகள் போய்விட்டனவா என்றும் பார்த்துவிட்டே புதியதைப் போட வேண்டும்.

எதைப் போடுவது? உங்கள் சர்வர் லைட்ஸ்பீட் என்றால் லைட்ஸ்பீட் கேச். அது சர்வரோடு நேரடியாகப் பேசும், பிஎச்பி வரைக்கும் போகவே வேண்டாம். அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ் என்றால் டபிள்யூபி சூப்பர் கேச் போதும். 2007 முதல் இருக்கிறது, இலவசம், வேர்ட்பிரஸ் டாட் காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் பராமரிக்கிறது. டபிள்யூ3 டோட்டல் கேச்சில் செட்டிங்ஸ் கடல்போல் விரியும். விவரம் தெரிந்தவருக்கு வரம், புதியவருக்குத் தலைவலி. டபிள்யூபி ராக்கெட் காசுக்கு. போட்டதும் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதற்காகவே பலர் அதை வாங்குகிறார்கள். சில ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாங்களே சர்வர் மட்டத்தில் கேச் வைத்திருக்கும். அங்கே நீங்கள் எதுவும் போட வேண்டாம், முதலில் கேட்டுவிடுங்கள்.

சூப்பர் கேச்சையே எடுத்துக்கொள்வோம். பிளக்இனை நிறுவி இயக்கிய பிறகு செட்டிங்ஸ் மெனுவில் அதன் பெயர் வரும். உள்ளே போய் கேச்சிங்கை ‘ஆன்’ செய்து, நிலையைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பலர் பிளக்இனை இயக்கியதோடு வேலை முடிந்தது என்று வந்துவிடுகிறார்கள். கேச்சிங் அணைந்தே கிடக்கும். அதே பக்கத்தில் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் முகப்புப் பக்கத்தை இருமுறை இழுத்து, இரண்டிலும் ஒரே நேரமுத்திரை இருக்கிறதா என்று ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் இரண்டாவது முறை வந்தது சேமித்த பக்கம்.

நீங்களே சோதிக்க நினைத்தால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். லாகின் செய்தவருக்குப் பெரும்பாலும் கேச் பக்கம் வராது. மேலே கறுப்புப் பட்டை தெரியும் உங்கள் பிரௌசரில் தளம் பழையபடிதான் தவழும். ‘கேச் போட்டும் வேகமே இல்லை’ என்று புலம்புகிறவர்களில் பலர் டாஷ்போர்டில் இருந்தபடியே தளத்தைப் பார்த்தவர்கள். மறைமுகச் சாளரத்தில், அதாவது இன்காக்னிட்டோவில், திறந்து பக்கத்தின் மூலநிரலைப் பாருங்கள். கடைசி வரிகளில் இந்தப் பக்கத்தை உருவாக்க எத்தனை விநாடி ஆனது, எப்போது சேமித்தோம் என்று சூப்பர் கேச் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். மீண்டும் ஏற்றுங்கள். சேமித்த நேரம் மாறாமல் நின்றால் கேச் வேலை செய்கிறது.

சேமிப்பது சுலபம். எப்போது கலைப்பது என்பதில்தான் சிக்கலெல்லாம். நீங்கள் ஒரு கட்டுரையைத் திருத்தினால் அந்தப் பக்கத்தின் பழைய பிரதியை பிளக்இன் அழித்துவிடும். புதிய கருத்து வந்தாலும் அப்படித்தான். தீமில் நிறத்தை மாற்றினால்? அது எல்லாப் பக்கத்தையும் தொடும் மாற்றம், பிளக்இனுக்கு எப்போதும் தெரியாது. கேச்சை முழுதாக அழிக்கும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். ‘மாற்றினேன், ஆனால் மாறவில்லை’ என்ற புகாருக்கு முதல் மருந்து அந்தப் பொத்தான். இரண்டாவது, உங்கள் பிரௌசரே வைத்திருக்கும் பழைய பிரதியை அழிப்பது.

கலைக்காமலே வைத்திருந்தால் இன்னும் வேகம்தானே என்று காலக்கெடுவை ஒரு மாதமாக ஆக்குபவர்கள் உண்டு. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. தளத்தில் உள்ள சில படிவங்களுக்குள் வேர்ட்பிரஸ் ஒரு ரகசியச் சீட்டை ஒளித்து வைக்கும். படிவம் உங்கள் தளத்திலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்ய. அந்தச் சீட்டின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். மூன்று நாள் பழைய பிரதியில் செத்த சீட்டுதான் இருக்கும். வாசகர் படிவத்தை நிரப்பி அனுப்புவார், பிழை என்று திரும்பி வரும், நீங்கள் பார்க்கும்போது எல்லாம் சரியாகவே தெரியும். டபிள்யூபி ராக்கெட் காலக்கெடுவை 10 மணி நேரமாக வைத்துத் தருவது இந்தக் கணக்கில்தான். அத்தகைய படிவம் உள்ள தளத்தில் நீங்களும் அதைத் தாண்ட வேண்டாம்.

இன்னொரு பக்கவிளைவு, கண்டுபிடிக்கவே நாளாகும். ‘காலை 6 மணிக்கு வெளியிடு’ என்று நேரம் குறித்து வைத்த பதிவு வராமல் போகும். வேர்ட்பிரஸுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ‘நேரமாகிவிட்டதா’ என்று பார்த்துக்கொள்ளும். வருகிற எல்லோருக்கும் சேமித்த பக்கம் போய்விட்டால் வேர்ட்பிரஸ் எழுவதே இல்லை. ஹோஸ்டிங் பலகையில் கிரான் என்ற வசதி இருக்கும். வேர்ட்பிரஸின் கிரான் கோப்பை 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. சர்வரில் எண்ணும் பார்வையாளர் எண்ணிக்கையும் இதே காரணத்தால் சட்டென்று சரியும். ஆள் குறையவில்லை, பயப்பட வேண்டாம்.

இனி ஆபத்தான பகுதி. கேச் பக்கம் என்பது அச்சடித்த கல்யாணப் பத்திரிகை மாதிரி. உள்ளே இருப்பது எல்லோருக்கும் ஒன்றே. உறைமேல் பெயர் மட்டும் கையால் எழுதுவோம். பெயரையும் சேர்த்து அச்சடித்துவிட்டால் என்ன ஆகும்? 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் கேம் கடையில் அதுதான் நடந்தது. தளத்தின் மேல் தாக்குதல் வந்தது. சமாளிக்க அவசரமாகக் கேச் விதிகளை மாற்றினார்கள். லாகின் செய்தவர்களின் பக்கங்களும் தவறுதலாகச் சேமிப்பில் போய்விட்டன. ஒருவர் கணக்கைத் திறக்க, இன்னொருவரின் மின்னஞ்சலும் முகவரியும் வாங்கிய பட்டியலும் தெரிந்தன. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளியே தெரிந்திருக்கலாம் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே சொன்னது. தளத்துக்குள் யாரும் உடைத்து நுழையவில்லை. எல்லோருக்கும் பொதுவில்லாத பக்கத்தைப் பொதுவாக்கிவிட்டார்கள், அவ்வளவே.

உங்கள் தளத்தில் வூகாமர்ஸ் கடை இருந்தால் கார்ட், பணம் செலுத்தும் பக்கம், ‘என் கணக்கு’ ஆகிய மூன்றும் கேச்சுக்கு வெளியே இருக்க வேண்டும். பெயர்பெற்ற பிளக்இன்கள் இவற்றைத் தாமாகவே ஒதுக்கும். அந்தப் பக்கங்களுக்குத் தமிழில் முகவரி வைத்திருந்தாலோ, பக்கத்தை நகலெடுத்துப் புதிதாக உருவாக்கியிருந்தாலோ, ஒதுக்கல் பட்டியலில் அவை இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். உறுப்பினர் தளம், இணைய வகுப்பு, தேர்வு எண் போட்டு மதிப்பெண் பார்க்கும் பக்கம் எல்லாவற்றுக்கும் இதே விதி. ‘லாகின் செய்தவருக்கும் கேச்’ என்ற விசையைக் கண்டால் கை வைக்காதீர்கள். அத்தகைய தளங்களுக்கு வேறு வழி இருக்கிறது: முழுப் பக்கத்தை விட்டுவிட்டு, டேட்டாபேஸ் தந்த பதில்களை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட் கேச். ரெடிஸ், மெம்கேஷ்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாவது, லைவ்ஜர்னல் தளத்தின் பாரம் தாங்காமல் 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் எழுதியது.

ஃபேஸ்புக் வழியாக ஆள் வரும் தளங்களுக்கு மட்டும் ஒரு சிறு குறிப்பு. அங்கே பகிர்ந்த லிங்க்கைத் தட்டினால் முகவரியின் பின்னால் நீளமான ஒரு வால் ஒட்டிக்கொண்டு வரும். ஆளுக்கு ஆள் அது வேறு. கேச்சின் கண்ணில் ஒவ்வொன்றும் புதிய முகவரி, ஆகவே சேமித்த பிரதி இருந்தும் பயன்படாது. கூட்டம் வரும் நேரத்தில் கேச் கைவிடுவது இப்படித்தான். அந்த வாலைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் வசதி உங்கள் பிளக்இனில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் சுருக்கும் வசதியையும் கவனிக்க வேண்டும். யூனிகோடு எழுத்துகளை இணையத்தில் அனுப்பும் வழக்கமான முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 15 பைட் ஆகிறது. ஆனால் அந்த பைட்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருவதால் ஜிஜிப் அல்லது பிராட்லி முறையில் நன்றாகவே சுருங்கும். சர்வரில் அது இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பிளக்இனில் உள்ள சுருக்கும் விசையைப் போடுங்கள்.

மற்ற விசைகள்? சிஎஸ்எஸ்ஸையும் ஜாவாஸ்கிரிப்டையும் ஒன்றாகச் சேர்ப்பது ஒரு காலத்தில் பலன் தந்தது. பல கோப்புகளை ஒரே இணைப்பில் ஒருசேர அனுப்பும் எச்டிடிபி 2 வந்த பிறகு அதில் பெரிய லாபம் இல்லை, மெனு திறக்காமல் போகும் தொல்லைதான் மிச்சம். ஜாவாஸ்கிரிப்டைத் தாமதப்படுத்தும் விசை உண்மையிலேயே உதவும். அதேபோல் எதையாவது உடைக்கவும் செய்யும். ஒரு விசை, ஒரு சோதனை, பிறகு அடுத்தது. பத்தையும் ஒரே நாளில் போட்டுவிட்டு எது உடைத்தது என்று தேடுவது வீண் வேலை.

கேச்சால் முடியாதவையும் உண்டு. ஃபோனில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே முகப்பில் போட்டிருந்தால் கேச் அதைக் குறைக்காது. சர்வர் அமெரிக்காவிலும் வாசகர் மதுரையிலும் இருந்தால் கடலடிக் கேபிள் தூரம் குறையாது. சர்வரைப் பக்கத்தில் மாற்ற வேண்டும், அல்லது கோப்புகளின் பிரதியை வாசகருக்கு அருகில் வைத்துத் தரும் சிடிஎன் வேண்டும். கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன்னைப் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: நீங்கள் தனியாகச் சொல்லாத வரை அது படங்களையும் சிஎஸ்எஸ் போன்ற கோப்புகளையும்தான் சேமிக்கும், எச்டிஎம்எல் பக்கத்தை அல்ல. பலன் தெரிந்ததா என்று அறிய கூகுளின் பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். சர்வரின் முதல் பதில் 0.8 விநாடிக்குள், பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் வந்தால் கூகுள் நல்லது என்கிறது. முதல் எண்ணைத்தான் கேச் நேரடியாக இறக்கும். இரண்டாவதில் படங்களுக்கும் தீமுக்கும் பங்கு அதிகம். 100 மதிப்பெண் எடுக்கும் வெறி வேண்டாம்.

பிளக்இனைப் புதுப்பிக்க மட்டும் மறக்கக் கூடாது. எல்லாப் பக்கத்துக்கும் முன்னால் நிற்கும் மென்பொருளில் ஓட்டை விழுந்தால் தளமே போய்விடும். 2013இல் சூப்பர் கேச், டோட்டல் கேச் இரண்டிலும், கருத்துப் பெட்டியில் எழுதும் வரியைக் கொண்டே சர்வரில் நிரலை ஓட்டக்கூடிய ஓட்டை இருந்தது. 2024 ஆகஸ்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த லைட்ஸ்பீட் கேச்சில், வெளியாள் நிர்வாகியாக நுழையக்கூடிய ஓட்டை தெரியவந்து 6.4 பதிப்பில் அடைத்தார்கள்.

கடை நடத்துபவர்கள் கேச் போட்ட அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு ஃபோன்களை எடுத்து இரண்டு வேறு கணக்குகளில் லாகின் செய்து, இரண்டிலும் வெவ்வேறு பொருளைக் கார்ட்டில் போட்டு, பக்கத்தை நான்கைந்து முறை புதுப்பியுங்கள். ஒன்றில் போட்டது மற்றதில் தெரிந்தால் கேச்சை அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள்.