பசுவின் சினைமுட்டை பக்குவமடைவது எப்படி?

மாமல்லபுரம் கிருஷ்ண மண்டபச் சிற்பத்தில் ஆயர் ஒருவர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக்கொண்டு நிற்கிறது. கன்று ஈன்றால்தான் பால் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. ஆனால், செங்கல்பட்டு வட்டாரத்தில் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களை வளர்ப்போர் சிலர், "மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லையே" என்று வருந்துவதுண்டு. ஒருமுறை தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீண். இதைத் தவிர்க்க, சினைமுட்டை வளரும் விதத்தை அறிதல் நலம்.

முட்டையின் வளர்ச்சி

கிடேரிக் கன்று பிறக்கும்போதே அதன் இரு சூலகங்களிலும் முட்டைகள் ஆயிரக்கணக்கில் அமைந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய உறையினுள் உறங்கிக் கிடக்கும். விழித்து வளரத் தொடங்கிய முட்டை பக்குவமடையச் சில மாதங்கள் ஆகும். ஒவ்வொரு 21 நாள் சுழற்சியிலும் உறைகள் இரண்டு மூன்று அணிகளாகப் பெருக்கும். கடைசி அணியில் முந்தும் ஒன்று, நீர் கோத்துக் கோலிக்குண்டு அளவாகி வெடித்து முட்டையை வெளிவிடும்.

ஊசி போடும் நேரம்

பசு கத்துதல், பிற மாடுகள் மேலே தாவும்போது அசையாது நிற்றல், கண்ணாடி போன்ற திரவம் வழிதல் ஆகியவை பருவ அறிகுறிகள். இவை 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். அறிகுறிகள் அடங்கிச் சுமார் 10 முதல் 14 மணி நேரம் கழித்தே முட்டை வெளிவரும். அதன் ஆயுளோ சில மணி நேரமே. ஆகவே, காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்யவேண்டும்.

தீவனமும் வெயிலும்

இன்று வெளிவரும் முட்டை, கன்று ஈன்ற நாட்களில் வளரத் தொடங்கியதாக இருக்கலாம். அப்போது பசு மெலிந்திருந்தால் முட்டையும் நலிவடையும். கடலோரத்துப் புழுக்கமும் அவ்வாறே கெடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலின் பாதிப்பு, வெயில் தணிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும்.

எனவே, ஈன்ற நாள் முதலே பாலுக்கேற்ற அடர்தீவனம், பசும்புல், நாள்தோறும் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, நிழல், தாராளமான குடிநீர் ஆகியவற்றை அளிக்கவேண்டும். பருவம் கண்ட தேதியைக் குறித்து வைக்கவேண்டும். மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்காவிடில், நான்காம் ஊசிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் பரிசோதிப்பது அவசியம். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகிப் பயன்பெறலாம்.