ஒரு கேள்வியைப் பத்தாக்குவது

பொருநைக் கரையில் கணினி – 14

பத்துப் பித்தளைச் சல்லடைகள். எல்லாம் ஒரே அகலத் தட்டு. முதல் தட்டில் 20 துளை. அடுத்தடுத்து 30, 50, 80, 100, 200, 400, 600, 800. கடைசித் தட்டில் 1000. துளைகள் கூடக் கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கிறது. உங்கள் கையில் ஒரு முத்து. அது எந்தத் தட்டில் தங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். எப்படிப்பட்ட முத்து வந்தாலும் தப்பாமல் சொல்ல, எத்தனை தட்டில் போட்டுப் பார்த்தால் போதும்?

சல்லடைகள் என் கற்பனை அல்ல. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் முத்தைத் தரம் பிரித்தது இப்படித்தான். பிரிட்டிஷ் அதிகாரிகளின் குறிப்புகளில் துளைக் கணக்கோடு இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ல் நின்றது. கொற்கையோ அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குப் பேர்போன துறை. 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 என்று காலம் காட்டியது. கடல் விலகிப்போய்விட்டது; இன்று கொற்கையில் இறங்கினால் வாழையும் வயலும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரல், சாயர்புரம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என்னோடு உட்காருவார்கள் என்று முன்பே எழுதியிருக்கிறேன். எல்லாரும் முதுநிலைப் படிப்புக்கான ‘கேட்’ தேர்வில் கணினிப் பாடம் எழுதப் போகிறவர்கள். சல்லடைக் கேள்வியை அவர்களிடம் போட்டேன்.

“பத்து” என்றான் ஒருவன். “நாலு சார், பைனரி சர்ச்” என்றாள் பக்கத்தில் இருந்த பெண். சரியான விடை. பத்துத் தட்டு என்றால் தரம் பதினொன்று. எல்லாத் தட்டிலும் விழுந்துவிடும் பொடி முத்தும் ஒரு தரம்தானே. நடுத்தட்டில் போட்டால் பாதித் தரங்கள் கழியும். மூன்று முறை போட்டால் எட்டுத் தரம் வரை பிரிக்கலாம், பதினொன்றுக்குப் போதாது. நான்கு முறை போட்டால் பதினாறு வரை வரும். ஆக, நான்கு. வழக்கமான கோச்சிங் வகுப்பு இந்த இடத்தில் அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

“ஒரு முத்து இல்ல, ஆயிரம் முத்து. இப்ப எத்தனை?” என்று கேட்டேன். “நாலாயிரம்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“அப்ப அந்த முத்து வியாபாரிக்குப் பைனரி சர்ச் தெரியாதா? மேலேருந்து வரிசையாப் பத்துத் தட்டையும்தான சலிச்சாரு?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அதே பெண்தான் வாயைத் திறந்தாள். “சார், அவரு ஒவ்வொரு முத்தாவா போடுவாரு? மொத்தமாக் கொட்டில்லா ஆட்டுவாரு.”

அவ்வளவுதான் விஷயம். ஒரு முத்துக்கு நாலு சோதனை என்பது சிக்கனம். ஆனால் ஒரு ஆட்டில் ஆயிரம் முத்தும் சோதிக்கப்படும் என்றால், பத்து ஆட்டில் வேலை முடிந்தது. நாலாயிரம் எங்கே, பத்து எங்கே! எதை ஒரு வேலை என்று எண்ணுகிறோம் என்பதை மாற்றினால் ‘மோசமான’ முறை ஜெயிக்கிறது. அடுத்த கேள்வி தானாக வந்தது. இரண்டிரண்டாக ஒப்பிட்டு ஆயிரம் பொருளை வரிசைப்படுத்த, மோசமான நிலையில் எட்டாயிரத்துக்கும் மேல் ஒப்பீடு தேவை என்று பாடப்புத்தகம் நிரூபிக்கிறதே, சல்லடை அந்த விதியை உடைத்துவிட்டதா? இல்லை. சல்லடை முத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடவே இல்லை. முழு வரிசையையும் தரவில்லை. பதினொரு குவியல்தான் தந்தது. ஒரே கேள்வியிலிருந்து தேடல், வரிசைப்படுத்தல், கீழ்வரம்பு என்று மூன்று பாடம் வந்தது. ஒரு மணி நேரமும் போனது.

இந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று நினைக்கிற மாணவர்கள் உண்டு. ஒருவன் வகுப்பு முடிந்து தனியாக வந்து சொன்னான்: “தினமும் நூறு கேள்வி போடுதேன் சார். மார்க்கு மட்டும் ஏற மாட்டேங்கு.” நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து, கேள்வி எண், விடை, ஒரு டிக் அல்லது ஒரு பெருக்கல் குறி. தப்பானவற்றுக்குப் பக்கத்தில் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தான். ஏன் தப்பானது என்று ஒரு வரிகூட இல்லை. அந்த நோட்டில் உழைப்பு நிறைய இருந்தது, படிப்பு இல்லை.

எதற்கு இப்படி ஓடுகிறார்கள் என்பதும் புரிகிறது. தேர்வின் உருவம் அப்படி. மூன்று மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் பொது அறிதிறன் 15, கணிதம் சுமார் 13, மீதிதான் கணினி. டிஜிட்டல் லாஜிக்கிலிருந்து கம்பைலர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் வரை எல்லாம் அதற்குள் அடக்கம். கேள்விக்கு மூன்று நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது. எனவே வேகம், வேகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். டெஸ்ட் சீரிஸ் விற்கிறவர்கள் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். ஆனால் தேர்வை அமைக்கிற இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் வேகத்தை மட்டும் சோதிக்க நினைத்திருந்தால், நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு நிறுத்தியிருப்பார்கள். எண்ணை நாமே கணக்கிட்டு எழுத வேண்டிய கேள்விகளைச் சேர்த்தார்கள். 2021 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய கேள்விகளையும் சேர்த்தார்கள். இதில் ஒரு சரியான விடையை விட்டாலும் மதிப்பெண் பூஜ்யம். இந்த இரண்டு வகையிலும் நெகட்டிவ் மார்க் இல்லை. அதே நேரம் விடையைப் பார்த்துப் பின்னோக்கிப் போகிற தந்திரமும் செல்லாது. நூறு கேள்விக்காரன் அடிவாங்குவது இங்கேதான்.

நெகட்டிவ் மார்க் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியில் தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், நீண்ட ஓட்டத்தில் வரவும் செலவும் சமம், சராசரி பூஜ்யம். ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் சராசரி ஒன்பதில் ஒரு பங்கு லாபம். ‘தெரியாததைத் தொடாதே’ என்று மிரட்டுகிற அண்ணன்மார்கள் இதை ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. இந்தக் கணக்கே பாடத்திட்டத்தில் இருக்கிற நிகழ்தகவுக் கேள்விதான்.

சரி, கேள்வியைப் பத்தாக்குவது எப்படி? பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகையை எடுத்துக்கொள்கிறேன். 0, 1 என்ற எழுத்துகளால் ஆன சரம் இடமிருந்து வலமாக வருகிறது. அதை இரும எண்ணாகப் படித்தால் 3-ஆல் வகுபடுமா என்று சொல்ல ஒரு சிறிய டி.எஃப்.ஏ. வேண்டும்; அதாவது, ஒவ்வோர் எழுத்தாகப் படித்து நிலை மாறிக்கொண்டே போய், முடிவில் ‘ஏற்கும் நிலை’யில் நின்றால் ஆம் என்று சொல்லும் கற்பனை இயந்திரம். எத்தனை நிலைகள்? வெற்றுச் சரத்தை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி 0, 1, 2 என்று மூன்றுதான் வரமுடியும். எனவே மூன்று நிலைகள். எல்லாருக்கும் தெரியும். மனப்பாடம் செய்கிறவன் இதிலிருந்து ‘எத்தனையால் வகுக்கிறோமோ அத்தனை நிலை’ என்று ஒரு விதியை எழுதி வைத்துக்கொண்டு போய்விடுவான். அவனை நிறுத்தி, 4-ஆல் வகுபடுமா என்று கேளுங்கள். நான்கு என்பான். விடை மூன்று. மீதி 1-ல் நின்றாலும் 3-ல் நின்றாலும் அடுத்து 0 வந்தால் மீதி 2, 1 வந்தால் மீதி 3. இரண்டு நிலைக்கும் எதிர்காலம் ஒன்றே. இரண்டும் ஏற்கும் நிலையும் அல்ல. பிறகு தனித்தனியாக எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? ஒன்றாக்கிவிடலாம். 5-க்கு ஐந்து நிலைகள் வேண்டும். எதையும் ஒன்றாக்க முடியாது. 6-க்கோ நான்கே போதும்: 1-ம் 4-ம் சேரும், 2-ம் 5-ம் சேரும், ஆனால் 0-ம் 3-ம் சேராது, ஏனென்றால் ஒன்று ஏற்கும் நிலை, மற்றது அல்ல. 8-க்கும் நான்கு.

3, 4, 5, 6, 8 என்று வரிசையாகப் போட்டவனுக்கு 3, 3, 5, 4, 4 என்ற ஏறுமாறான வரிசை கண்ணில் உறுத்த வேண்டும். இது ஏன் இப்படி என்று கேட்பதற்குள் அவன் டி.எஃப்.ஏ. சுருக்கும் முறையை, மைஹில்–நெரோட் தேற்றத்தின் உள்ளர்த்தத்தை, எண் கணிதத்தில் ஒரு துண்டை, மூன்றையும் தொட்டுவிடுவான். இன்னும் கேட்கலாம். சரத்தை வலமிருந்து இடமாகப் படித்தால்? பத்தடிமான எண்ணாக இருந்தால்? இரண்டையும் நான் இங்கே செய்து காட்டப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த வகைக் கேள்வி ஒன்றே போதும் என்பது என் கட்சி.

இப்படிக் கேள்வி கேட்டே ஒரு நுழைவுத் தேர்வு நடக்கிறது; அதன் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தைத்தான் சொல்கிறேன். 1989-ல் கணிதமேதை சி.எஸ். சேஷாத்ரி அதைத் தொடங்கியபோது அது ஸ்பிக் சயின்ஸ் ஃபவுண்டேஷனின் ஒரு கணிதப் பள்ளி. ஸ்பிக் என்றால் தூத்துக்குடியில் அந்த உர ஆலையை நடத்தும் கம்பெனிதான். யூரியா மூட்டையில் அந்தப் பெயரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பணத்தில் சென்னையில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்து வளர்ந்தன. 1998-ல் இளநிலைப் படிப்பு தொடங்கியது. 2005-ல் சிறுசேரிக்குப் போனார்கள். 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து. ஏரலிலிருந்து அங்கே நுழைவுத் தேர்வு எழுதிய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அந்தக் கழகத்தின் பெயரைச் சொன்னாலே, “அது கணக்குப் படிக்கிற எடம்லா?” என்கிறார்கள்.

அவர்களுடைய எம்.எஸ்ஸி. கணினி அறிவியல் நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. குறுவிடைப் பகுதி ஒன்று உண்டு. அதைவிட முக்கியம், விரித்து எழுத வேண்டிய பகுதி. ஒரு சூழலைச் சொல்வார்கள். முறை ஒன்றை வகுக்கச் சொல்வார்கள். அது சரிதான் என்று காட்டு, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று சொல் என்பார்கள். நாலு கட்டத்தில் ஒன்றைக் குறித்துவிட்டுத் தப்ப முடியாது. கேட் மட்டும் எழுதப் போகிறவர்களும் வாரம் ஒரு முறை இந்தத் தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, முழுப் பக்கம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். முனகுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் கேட் வினாத்தாளைப் படிக்கும் முறையே மாறிவிடுகிறது; கேள்வியில் ‘அனைத்து’, ‘குறைந்தபட்சம்’ போன்ற சொற்களில் கண் நிற்கிறது.

எழுதுவது என்றதும் மொழி குறுக்கே வருகிறது. கேட் முழுக்க ஆங்கிலத்தில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் நாலு வருடம் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்துவிட்டு, வினாத்தாளில் இரண்டு ‘இல்லை’ சேர்ந்து வருகிற ஒரு வாக்கியத்தில் கவிழ்ந்துவிடுகிறது. பாடம் தெரியாமல் அல்ல. இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: கேள்வியைப் படித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் அதை நம் பேச்சில் சொல்ல வேண்டும். “ரெண்டு பிராசஸ் ஒரே நேரத்துல உள்ள போகக்கூடாதாம், ஆனா ரெண்டுமே வெளியவே நிக்கக்கூடாதாம்” என்று சொல்லத் தெரிந்தவளுக்கு மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷனும் டெட்லாக்கும் புரிந்துவிட்டது என்று அர்த்தம். விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும். யோசிப்பதைத் தமிழில் யோசிப்பதில் ஒரு குறையும் இல்லை.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட் பழைய வினாத்தாள்கள் விடைக்குறிப்போடு தேர்வுக்கான அதிகாரபூர்வ இணையதளத்திலேயே இருக்கின்றன. பாடம் கேட்க என்.பி.டி.இ.எல். இருக்கிறது: ஆட்டோமேட்டாவுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் கமலா கிருத்திவாசன், அல்காரிதத்துக்குச் சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த். இரண்டும் இலவசம். வட்டிக்கு வாங்கி வெளியூர்க் கோச்சிங்குக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்கிற பெற்றோருக்கு என் பதில், வேண்டாம். ஒரு மாக் டெஸ்ட் தொகுப்பு வாங்கலாம். அதுவும் கடைசி இரண்டு மாதத்துக்கு, கம்ப்யூட்டர் திரையில் மூன்று மணி நேரம் உட்காரப் பழகவும், திரையில் வரும் கால்குலேட்டரில் கை தடுமாறாமல் இருக்கவும்.

வினாத்தாள்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் தீவாகக் கிடந்தது. அந்த ஆண்டு கணினிப் பாடத் தேர்வு 2024 பிப்ரவரி 10-ஆம் தேதி, இரண்டு மாதம்கூட இல்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, எல்லாப் படிப்பும் போனுக்குள் இருந்தது. தாள் நனைந்தால் காயவைக்கலாம்.

தப்பு நோட்டு ஒன்று வைத்துக்கொள்வது பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சரியாகப் போட்ட கேள்விகளையும் அதில் எழுதுங்கள், குருட்டாம்போக்கில் சரியானவற்றை. தேர்வன்று கழுத்தறுப்பவை அவைதான்.

இந்த வாரக் கேள்வி: ஓர் இரும எண் 60-ஆல் வகுபடுமா என்று சொல்லும் டி.எஃப்.ஏ.வுக்குக் குறைந்தது எத்தனை நிலைகள் வேண்டும்? அறுபது அல்ல. 60 எத்தனை முறை இரண்டால் வகுபடுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். காரணத்தோடு எழுதி ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். விடையை மட்டும் எழுதிய கடிதங்களை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.