மாண்டே காசினோ மடம்

உரோமையினின்று நேப்பிள்ஸ் செல்லும் வழியில், காசினோ என்னும் ஊரை அடுத்துள்ள மலையுச்சியில் நிற்பது மாண்டே காசினோ மடம். நம் நாட்டுக் கிறிஸ்தவர் ஆசீர்வாதப்பர் என வழங்கும் பெனெதிக்து முனிவர், கி.பி. 529-ஆம் ஆண்டையொட்டி, அப்போலோவின் பழங்கோயில் இருந்த இடத்தில் இதனை நிறுவினார். செபம், உழைப்பு, வாசிப்பு என நாளைப் பகுத்து அவர் வகுத்த ஒழுங்கு, மேனாட்டு மடங்கள் பலவற்றுக்கும் சட்டமாயிற்று. தவக்காலத் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவியும் ஒரு நூலைப் பெற்று, அதனை முதலிலிருந்து முடிவுவரை முறையே படித்தல் வேண்டும் என்பது அச்சட்டங்களுள் ஒன்று. நம் கல்லூரியில் இவ்விதி வருமாயின் நண்பர் பலர் திகைப்பர்!

ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லோம்பார்டியர் இம்மடத்தைப் பாழாக்கினர். 883-இல் சராசனியர் எரித்தனர். 1349-இல் நிலநடுக்கம் வீழ்த்தியது. ஒவ்வொரு முறையும் அது மீண்டும் எழுந்தது.

மதில்கள் இவ்வாறு வீழ்ந்தும், ஏடுகளைக் காத்து இம்மடத்தார் செய்த உதவி பெரிது. 1058 முதல் 1087 வரை மடாதிபதியாயிருந்த தெசிதேரியு காலத்தில் ஏடெழுதும் பணி மிகச் சிறந்தது. உரோம வரலாற்றாசிரியர் தாசித்து எழுதிய 'அன்னல்ஸ்' என்னும் நூலின் பிற்பகுதி, பதினோராம் நூற்றாண்டில் இங்கே தோலில் எழுதப்பெற்ற ஒரு படியின் வாயிலாகவே உலகிற்குக் கிடைத்தது. பிலாத்துவின் ஆட்சியில் கிறிஸ்து கொலையுண்டதை அவ்வாசிரியர் குறிப்பிடுவது அப்பகுதியிலேதான். அவ்வொரு படி அழிந்திருப்பின் அச்சான்றும் உடனழிந்திருக்கும்.

மொழி பயில்வார்க்கு இதனினும் இனியது ஒன்று உண்டு. 960-இல் இம்மடத்து நிலங்களைக் குறித்துக் கப்புவா நகரில் ஒரு வழக்கு நடந்தது. தீர்ப்பு முழுவதையும் இலத்தீனில் வரைந்த எழுத்தர், மடத்தார் அந்நிலங்களை முப்பது ஆண்டு அனுபவித்தனர் எனச் சான்றோர் மொழிந்ததை மட்டும் மக்கள் பேச்சிலேயே எழுதிவைத்தார். இத்தாலிய மொழி எழுத்தில் ஏறியதற்கு மிகப் பழைய சான்றாக அறிஞர் இதனையே காட்டுவர். தாந்தே பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்னர் அம்மொழியை நமக்குக் காட்டுவது காவியமன்று, காணிவழக்கு!

1943-இல் போர் நெருங்கியபோது, செலேகல், பெக்கர் என்னும் ஜெர்மானியப் படை அதிகாரிகள் இருவர் முயற்சியால் நூல்களும் ஆவணங்களும் வண்டிகளிலேற்றி அகற்றப்பட்டன. 1944 பிப்ரவரி 15-இல் நேச நாட்டு வானூர்திகள் மடத்தைத் தரைமட்டமாக்கின. அங்கு அடைக்கலம் புகுந்திருந்த எளியோர் பலர் மாண்டனர். ஜெர்மானியரோ அதன் பின்னரே இடிபாடுகளுட் புகுந்து அரண் கொண்டனர். அம்மலைச் சரிவுகளில் 4-ஆம் இந்தியப் படைப்பிரிவினரும் பொருது உயிர் துறந்தனர். மே 18-இல் போலந்துப் படையினர் உச்சியை அடைந்தனர்.

பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பெற்ற ஆலயத்தை 1964-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் அபிஷேகம் செய்தார். தாசித்துவின் படி இந்நாளில் பிளாரன்ஸ் நகரில் உள்ளது. காணிவழக்கின் தோலேடு மலைமேல் மடத்திலேயே இருக்கின்றது.